உப்புத்தாள்

பியானோவின் மேல்கோடிக் கட்டைகள் மூன்று
என் காதுக்கு வெறும் மரத்தட்டாய்க் கேட்கத் தொடங்கிய வருடம்
சுருதிச் சாவியைத் துணியில் சுற்றி வைத்தேன்.
அறுபத்தாறு வயது.
அதே வருடம்தான் வேனும் கைவிட்டது.

ஈஸல்மியில் குளிர்காலமெல்லாம் சாலைக்கு உப்பு இறைப்பார்கள்.
உப்பைத் தின்றது வண்டி,
தண்ணீர் குடித்தது தகடு.
வாகனச் சோதனை நிலையத்தில் ஹக்கரைனென்
கதவுக்குக் கீழே சுத்தியலால் தட்டினார்.
சுத்தியல் உள்ளே போய்விட்டது.
மன்னிப்புக் கேட்பதுபோல் மெல்ல அதை வெளியே எடுத்தார்.

மெக்கானிக் சொன்ன கூலிக்கு
இன்னொரு வேனே வாங்கலாம்.
நான் வெல்டிங் எந்திரம் வாங்கினேன், பழையது,
பால்பண்ணையை மூடிவிட்டுப் போகிற ஒருவரிடம்.
உனக்கு எதற்கு இது என்று ரைலி கேட்கவில்லை.
தீக்காயக் களிம்பு இரண்டு வாங்கிவந்தாள்.

முகக்கவசம் இருண்டது, உலகம் போயிற்று.
பச்சை இருட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி,
அதன் ஓரத்தில் என் நடுக்கம்.
தூக்கிப் பார்த்தால்
ஒட்ட வந்த இடத்தில் ஓட்டை.
அதை அடைக்கப் போய் இன்னும் பெரிய ஓட்டை.
மூன்று வாரம்
ஓட்டைகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.
ஒருமுறை தரைவிரிப்புக்கு அடியில் புகை.
காளான் கழுவிய தண்ணீரை அப்படியே கொண்டுவந்து ஊற்றினாள் ரைலி.
அன்று முழுதும் வேனுக்குள் காடு மணத்தது.

கண்ணால் வரவில்லை அது.
கம்பியின் வேகத்தைத் திருகிக்கொண்டிருந்தபோது
காதுதான் பிடித்தது.
படபடவென்று முட்டினால் கம்பி அதிகம்,
உஸ்ஸென்று இழுத்தால் போதவில்லை,
நடுவில் ஓர் இடம் இருக்கிறது,
வெண்ணெயில் மீன் பொரிவதுபோல், விடாமல், சீராக.
இரண்டு தந்திகள் சண்டையை நிறுத்துகிற இடத்தை
நாற்பது வருடம் தேடிச் சம்பாதித்தவன் நான்.
அங்கே நிறுத்தினேன்.
ஒரு புள்ளி. பொறு. தள்ளிப்போய் இன்னொரு புள்ளி.
சூடு ஒரே இடத்தில் சேர்ந்தால் தகடு முறுக்கிக்கொள்ளும்,
என் மாமனாரைப்போல.

பிறகு உப்புத்தாள்.
உப்பு தின்ற இடத்துக்கு என்ன பெயர்ப் பொருத்தம்!
எண்பது, நூற்றெண்பது, நானூறு என்று தேய்த்ததில்
விரல்ரேகை போயிற்று.
இவன் யாரென்றே தெரியாது என்றது செல்போன்.

ஆகஸ்டில் இரண்டு வாரம்தான்
இங்கே பெயிண்ட் காயும்.
தரையை நனைத்தேன், கதவிடுக்கெல்லாம் நாடா ஒட்டினேன்,
சுவாசமூடி, பழைய மழைக்கோட்டு.
மணிக்கட்டை வீசாதே, தோளோடு நகர்;
முந்தின பட்டையில் பாதியை அடுத்தது மூடட்டும்.
முதல் பூச்சு, மூச்சு பட்ட கண்ணாடிபோல் மெலிசு.
இரண்டாவது நன்றாக வந்தது.
நன்றாக வந்துவிட்டதே என்று மூன்றாவதும் அடித்தேன்.
வழிந்தது,
பேராசைக்கு முளைத்த நீலத் தாடி.
போதாததற்கு, அத்தனை நாடாவையும் தாண்டி
ஒரு கொசு வந்து ஈரத்தில் உட்கார்ந்தது,
ஆறு காலும் பரப்பி, பட்டா வாங்கியதுபோல.
இடுக்கியை எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.

செப்டம்பரில் ஹக்கரைனென்
பெயிண்டைப் பார்க்கவே இல்லை.
குனிந்தார், தட்டினார்.
அவர் வாய் திறக்குமுன் எனக்குக் கேட்டுவிட்டது:
கீழ் ஸ்தாயியில்,
எஃப்-பிலிருந்து மயிரிழை இறங்கி,
முழுசாய் ஒரு நாதம்.
இன்னொரு முறை தட்டுங்கள் என்றேன்.
ஏன் என்பதுபோல் பார்த்தார்.
தட்டினார்.

நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லை என்று
திருப்பி அனுப்பிவிட்டார்.
இரண்டு யூரோ பல்பு.

வெளியே ரைலி, கொசு இருக்கிற பக்கமாகச் சாய்ந்துகொண்டு,
என்ன ஆயிற்று என்றாள்.
எஃப் என்றேன்.
கொஞ்சம் இறங்கி.